பள்ளிக்கூடத்து ஓலை வீடு

எனக்குச் சடங்கு வீடுகள் பிடிக்காது. ஒரு பெண் பெரியவளாகிவிட்டாள் என்பதை ஒலிபெருக்கி வைத்து ஊருக்குச் சொல்ல வேண்டுமா என்று அம்மாவிடம் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். பத்திரிகை வந்தால் பிரித்தும் பார்க்க மாட்டேன். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு சடங்குக்கு மட்டும் ஆபீசில் லீவு சொல்லிவிட்டு, முன்னால் நின்று, தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தி, கடைசியில் ஒரு வீட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர்களுக்குப் பின்னால் நடந்தும் போயிருக்கிறேன். அது மலேசியாவில், கிள்ளானில் நடந்தது.

எழுபதுகளின் கடைசி. நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை, வாய் கொஞ்சம் நீளம். அந்த வருஷம் மழை எங்கள் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. கிள்ளானுக்கு வெளியே ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஒரு கம்பம், சின்னக் குடியிருப்பு, இருந்தது. தோட்டம் கைமாறியபோது கூலி லயத்து வீடுகளை விட்டு வெளியேறியவர்கள் பலகையும் தகரமுமாகக் கட்டிக்கொண்ட வீடுகள். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு லாலான் புல். அதற்கப்பால் சதுப்புக் காடு. அங்கே கால் வைத்தால் அமிழும் கறுப்பு மண். வெயிலில் காய்ந்துவிட்டால் அந்த மண்ணே எரியும். மேலே தீ தெரியாது, கீழே கனன்றுகொண்டிருக்கும்.

பல நாளாகக் காட்டுப் பக்கம் புகைந்துகொண்டிருந்ததாம். புகை பழகிப்போய் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு மத்தியானம் காற்று திரும்பியது. லாலான் பற்றிக்கொண்டது. தீ கம்பத்துக்குள் நுழைந்தது. பெரியவர்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போயிருந்த நேரம் என்பதால் உயிர் ஒன்றும் போகவில்லை. தீயணைக்கும் பொம்பா வண்டி வந்து சேர்ந்தபோது அணைக்கப் புகைதான் மிச்சமிருந்தது.

குடும்பங்களையெல்லாம் பக்கத்துத் தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் தங்க வைத்தார்கள். எங்கள் கோயில் மாதர் பகுதியிலிருந்து நாங்கள் சிலர் பஸ் பிடித்துப் போனோம். முதல் நாளே எனக்குக் கோபம் வந்துவிட்டது. தானம் கொடுப்பதில் நம்மவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புடவை கொடுப்பார்கள், ரவிக்கையை மறந்துவிடுவார்கள். மேடை மேல் புடவை மலையாகக் குவிந்து கிடந்தது. பட்டு, நைலக்ஸ், ஜரிகை கிழிந்த கல்யாணப் புடவை எல்லாம் இருந்தன. ஒரு ரவிக்கை இல்லை. பெண்கள் தீப்பட்ட அன்று போட்டிருந்த ரவிக்கையையே துவைத்து, ஈரத்தோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த சனிக்கிழமை எங்கள் தெருவில் தையல் மிஷின் வைத்திருந்த இரண்டு அக்காக்களை, மிஷினோடு சேர்த்து, ஒரு வேனில் ஏற்றிக் கொண்டுவந்து மண்டபத்தில் இறக்கினேன். புடவைகளையே வெட்டி ரவிக்கை தைத்தார்கள். கிழித்தது யார் கொடுத்த பட்டு என்று நான் பார்க்கவில்லை.

சாப்பாட்டு விஷயம் வேறு மாதிரி இருந்தது. அரிசி, பருப்பு, பாத்திரம், விறகு எல்லாம் வந்துவிட்டன. பள்ளிக்குப் பின்னால் செங்கல் அடுக்கி அடுப்பும் தயார். ஆனால் யாரும் மூட்டவில்லை. பெண்கள் அடுப்புப் பக்கம் போவார்கள், விறகைக் கையில் எடுப்பார்கள், திரும்ப வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். கிள்ளான் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய் ஒருவர் இதைப் பார்த்துவிட்டார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “அடுப்பு அப்படியே கெடக்கட்டும்மா. நான் கடையிலயே ஆக்கி அனுப்பிடறேன்” என்றார். அன்று முதல் அவருடைய வேன் தினமும் வந்தது. சாம்பார் வைக்கச் சொன்னால் அவர் கடை சமையல்காரர் அதில் பட்டையும் கிராம்பும் போட்டுவிடுவார். நாங்கள் கிண்டல் செய்துகொண்டே வழித்துச் சாப்பிட்டோம்.

அந்த மண்டபத்தில்தான் நான் அந்த அம்மாவையும் மகளையும் பார்த்தேன். அம்மாவுக்கு முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது. கணவர் தோட்டத்தில் இருந்தபோதே இறந்துவிட்டார். ஒரு தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கும் வேலை. மகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். தீ வந்த அன்று காய்ச்சல் என்று வீட்டில் இருந்திருக்கிறாள். பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது வீட்டின் பின்பக்கம் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. கையிலிருந்த அந்த ஒரு வாளித் தண்ணீரை எடுத்து வீட்டின் மேல் ஊற்றியிருக்கிறாள். பிறகு காலி வாளியோடு ஓடியிருக்கிறாள். அந்தக் குடும்பத்தில் மிஞ்சிய ஒரே பொருள் அந்தச் சிவப்புப் பிளாஸ்டிக் வாளிதான்.

மண்டபத்தில் அவள் அந்த வாளியை நிரப்பித் தன் படுக்கைப் பாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். யாராவது அதில் கை கழுவினால் மறுபடி போய் நிரப்பிக்கொண்டு வருவாள். படுத்தால் கண்ணை மூட மாட்டாள். வாளியைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள். பேச்சும் குறைந்துவிட்டது. கேட்டால் தலையாட்டுவாள். அம்மா என்னிடம், “தூங்க மாட்டேங்கறா மிஸ். எனக்கு வீடு போனதுகூடப் பெரிசா தெரியல. இவ கண்ணப் பாத்தாத்தான் பயமா இருக்கு” என்றார். நான் டீச்சர் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் நின்று அதட்டிக்கொண்டிருந்ததால் எல்லாருக்கும் நான் மிஸ்தான்.

விடுமுறை தொடங்கிய வாரத்தில் ஒரு காலை அம்மா என்னைத் தனியே அழைத்தார். மகள் பெரியவளாகிவிட்டாள். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷமும் கலக்கமும் மாறி மாறி வந்தன.

“அக்கா, இப்ப இருக்கற நெலமையில பேசாம விட்டுடலாமே” என்றேன்.

“அவளுக்குன்னு இருந்ததெல்லாம் எரிஞ்சு போச்சு மிஸ். புத்தகம், சட்டை, அப்பா போட்டோ. இதுவும் இல்லேன்னா எப்படி? மொறையா செய்யணும். குச்சு கட்டணும். அவ தாய்மாமனுக்குப் போன் போட்டுக் குடுங்க.”

குச்சு என்பது பெரியவளான பெண் தனியே தங்குவதற்குத் தாய்மாமன் பச்சை ஓலையில் கட்டிக் கொடுக்கும் சிறு குடிசை. பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடங்களில் அது அறை மூலையில் ஒரு பாயும் நாலு வேப்பிலையுமாகச் சுருங்கிவிட்டது. கம்பத்தில் இன்னும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய் வரை பேச்சு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

தாய்மாமன் கோலாலம்பூர் மொத்தப் பாசாரில் காய்கறி லோரி ஓட்டுகிறவர். தீ விபத்து நடந்ததுமே வந்து, தன் வீட்டுக்கு வரச் சொல்லி அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் மறுத்துவிட்டார். இடத்தை விட்டு நகர்ந்தால் மாற்று வீடு கிடைக்காது என்று பேச்சு. தம்பி கோபித்துக்கொண்டு போனவர், அதன் பிறகு எட்டிப் பார்க்கவில்லை. இப்போது செய்தி போன மறுநாள் விடியலிலேயே லோரி வந்து நின்றது. பின்னால் முட்டைக்கோஸ் கூடைகளுக்குப் பதிலாகத் தென்னை ஓலையும் மூங்கிலும் பலகையும்.

இறங்கியதும் என்னைப் பார்த்து, “நீங்க யாரு?” என்றார்.

“இங்க உதவிக்கு வந்திருக்கேன்.”

“அப்ப அந்தக் கயித்தப் பிடிங்க” என்றார். வந்தது முதல் எங்கள் இருவருக்கும் ஆகவில்லை.

மைதானத்து ஓரத்தில் ஒரு பெரிய மரத்தடியில் கட்டத் தொடங்கினார். குச்சு என்றால் ஒரு மணி நேர வேலை. நாலு கம்பு, மேலே ஓலை, முடிந்தது. இந்த மனிதர் இரண்டு நாள் கட்டினார். தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்திப் பலகை போட்டார். ஓலையை நெருக்கமாக முடைந்து சுவர் வைத்தார். காற்றுக்கு ஒரு ஜன்னல் விட்டார். கதவு வைத்து, உள்ளேயிருந்து போட்டுக்கொள்ள ஒரு கொக்கியும் வைத்தார். அக்காவுக்கு வீடு கட்டிக் கொடுக்க முடியாத ஆத்திரமெல்லாம் அந்தக் குடிசையில் போனது. சும்மா உட்கார்ந்திருந்த கம்பத்து ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து மூங்கிலைப் பிடித்தார்கள். தீக்குப் பிறகு அவர்கள் கையில் வேலையைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கட்டி முடித்ததும் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். அத்தனை குடும்பங்களும் மண்டபத்தில் புடவைத் திரை கட்டிப் படுத்துக்கொண்டிருந்த நேரத்தில், சுவரும் கதவும் ஜன்னலுமாக அங்கே ஒரு வீடு நின்றது. “நம்ம பழைய வீட்ட விட இது நல்லா இருக்கு லா” என்று ஒருத்தி சொல்ல, பெண்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து வேலை முடிந்தால் அதன் முன்னால் வந்து உட்கார்ந்து பேசுவது அவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. பக்கத்து வீட்டு வாசலில் உட்காருவது போல.

மகள் தன் வாளியோடு உள்ளே போனாள். கொக்கியைப் போட்டுக்கொண்டாள். மறுநாள் காலை நான் தேநீர் கொண்டுபோனபோது கதவு திறக்கவில்லை. பயந்துபோய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஓலைச் சுவர் பக்கம் முகத்தை வைத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். தேநீர் ஆறிப்போனது.

அதன் பிறகு அவள் பேசத் தொடங்கினாள். ஜன்னல் வழியாக என்னிடம் கதைப் புத்தகம் கேட்டாள். பாய் கடைச் சாம்பாரைப் பற்றிக் குறை சொன்னாள். ஜன்னலுக்கு என் புடவைத் துண்டில் திரை போட்டாள். ஒருநாள் தட்டை வாங்கிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

“மிஸ், தண்ணி ஊத்துற அன்னிக்கு இதையும் கொளுத்திருவாங்கதானே?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சடங்கு முடிந்ததும் குச்சைக் கொளுத்திவிட வேண்டும். தீட்டெல்லாம் அதோடு போய்விடும் என்பது முறை. கட்டிய மாமனுக்குத் தெரியும், கை கொடுத்த ஆண்களுக்குத் தெரியும், வாசலில் உட்கார்ந்து சிரித்த பெண்களுக்கும் தெரியும். வீடு கட்டுகிற சந்தோஷத்தில் அத்தனை பேரும் அதைக் கவனமாக மறந்திருக்கிறார்கள். அவள் மட்டும்தான் முதல் நாளிலிருந்தே அதை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். “எரியறப்ப நான் உள்ள இருக்க மாட்டேன்ல?” என்று கேட்டுவிட்டு, தானே சிரிக்க முயன்றாள். அவள் கை மட்டும் வாளியின் பிடியைத் தேடிப் போயிற்று.

நான் நேராக மாமனிடம் போனேன். அவர் லோரியின் நிழலில் உட்கார்ந்திருந்தார். ஒரு நல்ல வார்த்தைகூட முன்னால் போடாமல் ஆரம்பித்தேன். வீடு எரிந்ததைப் பார்த்த பிள்ளை, அதற்கு இன்னொரு வீட்டைக் கட்டிக் கொடுத்துக் கொளுத்திக் காட்டப் போகிறீர்களா, மூளை இருக்கிறதா என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அவர் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியாதா மிஸ்? ரெண்டு நாளா சோறு எறங்கல. கொளுத்தாம விட்டு, நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா ஊரு யாரச் சொல்லும்? அப்பன் இல்லாத பிள்ள. எங்க அக்காவத்தான் சொல்லும்.”

பெண்களிடம் கேட்டேன். பிரித்துப் போட்டுவிடலாம் என்றார்கள் சிலர். கட்டினதைப் பிரிப்பது குடும்பத்துக்கு ஆகாது என்றார்கள் மற்றவர்கள். அம்மாவோ மகளின் பாவாடைக்குக் கரை தைத்துக்கொண்டிருந்தார்.

சடங்கு நாள் வந்தது. பாய் கடையிலிருந்து காலையிலேயே பெரிய பானைகள் வந்து இறங்கிவிட்டன. அத்தைமார் மஞ்சள் நீர் ஊற்றினார்கள். மாமன் கொண்டுவந்த பச்சைப் பட்டுப் புடவையைக் கட்டிவிட்டார்கள். அவளுக்கென்று அளவெடுத்து எங்கள் அக்காக்கள் தைத்த ரவிக்கை கச்சிதமாக இருந்தது. நான் பெருமையோடு பார்த்துக்கொண்டேன். ஆலத்தி எடுத்தபோதுதான் கவனித்தேன். தட்டில் சிவப்புத் தண்ணீரும் வெற்றிலையும் இருந்தன. கற்பூரம் இல்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை. கணவர் இல்லாதவர் என்பதால் அம்மா முன்னால் வரவில்லை. மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மறுபடி கோபம் வந்தது. அன்று அதைத் தள்ளிவைத்தேன்.

எல்லாம் முடிந்த பிறகு மாமன் குச்சின் முன்னால் போய் நின்றார். கூட்டம் தானாகவே பின்னால் நகர்ந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். ஒரு குச்சியை எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பட்டுப் புடவையும் மாலையுமாக நின்ற அந்தப் பெண் மெல்ல விலகிப் போய், தன் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து மாமனுக்குப் பக்கத்தில் நின்றாள். தண்ணீர் தளும்பி அவள் புதுப் புடவையை நனைத்தது. அழவில்லை. தயாராக நின்றாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதனால்தான் தூணுக்குப் பின்னாலிருந்து அம்மா வருவதை நான் முதலில் பார்த்தேன். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நேராக முன்னால் வந்தார். தம்பியின் கையிலிருந்து தீப்பெட்டியை வாங்கி, தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

“வீடு எரியறத இந்தப் பிள்ள ஒரு தடவ பாத்தாச்சு. போதும். ஆத்துல விட்டுடலாம். தண்ணியில விட்டாலும் போறது போறதுதான். யாராவது கேட்டா அக்கா சொன்னான்னு சொல்லு. தூக்கு.”

அவர் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். மாமன் தீக்குச்சியைக் கீழே போட்டார். உடனே ஆண்கள் எட்டுப் பக்கமும் சூழ்ந்துகொண்டார்கள். மூங்கிலை அடியில் கொடுத்து, பலகையோடு சேர்த்து அந்த வீட்டை அப்படியே தோளுக்கு ஏற்றினார்கள். இவ்வளவு உறுதியாகக் கட்டி வைத்தவரை எல்லாரும் திட்டிக்கொண்டே நடந்தார்கள். “ஏன் மாமா, மாடி ஒண்ணு கட்டியிருக்கலாமே?” என்று ஒருவன் கேட்டான். மாமன் குடிசைக்கு அடியிலிருந்து அவனுடைய அப்பாவைப் பற்றி ஏதோ சொன்னார்.

பள்ளியிலிருந்து ஆற்றுக்குப் போகப் பெரிய சாலையைக் கடக்க வேண்டும். நடுச்சாலையில் ஒரு மலாய் போலீஸ்காரர் நிறுத்தினார். “ஆப்பா இனி?” என்றார். இது என்ன என்று கேட்கிறார். முன்னால் யார் நிற்கிறார் என்று தெரியாமல் குனிந்து நின்ற மாமனின் குரல் ஓலைக்கு அடியிலிருந்து வந்தது. “பிண்டா ரூமா, என்சிக்.” வீடு மாறுகிறோம், ஐயா. போலீஸ்காரர் ஓலை வீட்டைப் பார்த்தார், ஜன்னலில் ஆடிய திரையைப் பார்த்தார், பின்னால் மாலை போட்டு வாளியோடு நின்ற பெண்ணைப் பார்த்தார். தீ விபத்து அவருக்கும் தெரிந்திருக்கும். ஊதலை வாயில் வைத்து, கையை நீட்டி, இரண்டு பக்கமும் லோரிகளை நிறுத்தினார். எங்கள் வீடு சாலையைக் கடந்தது.

கடல் வற்றும் நேரம். கிள்ளான் ஆறு கலங்கலாக, வேகமாகக் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வீட்டை மிதக்க விட்டார்கள். பலகையும் மூங்கிலும் இருந்ததால் வீடு மூழ்கவில்லை. ஒரு சுற்று சுற்றி, ஜன்னலை எங்கள் பக்கம் காட்டிவிட்டு, பிறகு நேராகப் போகத் தொடங்கியது. சின்னப் பிள்ளைகள் கையசைத்தார்கள். மாமன் ஈர உடையோடு கரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். எதற்கென்று இப்போதும் சொல்லத் தெரியாது, ஆனால் நன்றாக அழுதேன்.

மகள் அழவில்லை. வீடு வளைவில் மறையும் வரை பார்த்தாள். “முழுசாப் போகுது” என்றாள் அம்மாவிடம். அப்புறம் வாளியைச் சாய்த்து, இத்தனை நாள் காத்துவைத்திருந்த தண்ணீரை ஆற்றில் ஊற்றினாள். காலி வாளியை ஆட்டிக்கொண்டே எங்களுக்கு முன்னால் நடந்து வந்தாள்.

பாய் அனுப்பிய விருந்து மத்தியானத்தோடு தீர்ந்துவிட்டது. சாயங்காலம் அம்மா பள்ளிக்குப் பின்னால் போய், யாரும் தொடாமல் கிடந்த செங்கல் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தார். விறகை அடுக்கினார். இடுப்பிலிருந்து அந்தத் தீப்பெட்டியை எடுத்தார். பெண்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். அம்மா மூட்டவில்லை. மகளைத் திரும்பிப் பார்த்தார்.

மகள் குழாயடிக்குப் போனாள். வாளியை நிரப்பினாள். பழையபடி ஆகிவிட்டதே என்று நினைத்தேன். அவள் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, புதுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தினாள்.

“அரிசியக் குடும்மா, களையறேன்” என்றாள்.

அம்மா தீக்குச்சியைக் கிழித்தார்.